பட்டா யார் பெயரில்?

கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் ரோடு இருக்கிறது. கூரியர் பையன் அந்த விலாசத்தைக் கேட்டுக்கொண்டு வருகிறான். கடைப் பலகைகளில் அந்தப் பெயர்தான். வெரைட்டி ஹால் மட்டும் இல்லை. 1914இல் சாமிக்கண்ணு வின்சென்ட் கட்டிய அந்தக் கொட்டகை, பிற்காலத்தில் டிலைட் தியேட்டர் என்று பெயர் மாறி, நூறு வயதையும் தாண்டி நின்றுவிட்டுத்தான் இடிபட்டது. தென்னிந்தியாவின் முதல் நிரந்தரத் திரையரங்கு அதுதான் என்று எங்கள் ஊர்க்காரர்கள் சொல்வோம். சென்னைக்காரர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். 1913இலேயே மவுண்ட் ரோட்டில் எலக்ட்ரிக் தியேட்டர் எழுந்துவிட்டது என்பார்கள். அதைக் கட்டியவர் வெள்ளைக்காரர், எங்கள் ஆள் உள்ளூர்க்காரர் என்று நாங்கள் திருப்பிச் சொல்வோம். அப்படியானால் ரகுபதி வெங்கையா சென்னையில் கட்டிய கெயிட்டி தியேட்டரை எங்கே வைப்பீர்கள் என்று அவர்கள் கேட்பார்கள். இந்த வழக்கு டீக்கடைக்கு நல்லது. யார் முந்தி என்பதைவிட எது நிற்கிறது, எது விழுந்தது, ஏன் விழுந்தது என்பதில்தான் எனக்கு அக்கறை.

நான் புரொஜெக்டர் ஆபரேட்டராக இருந்தவன். கார்பன் குச்சி எரிந்த காலத்தில் உதவியாளாகச் சேர்ந்து, மின் ஆய்வாளர் அலுவலகத்தில் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, பெட்டி பெட்டியாகப் பிலிம் வந்த காலம் முடிகிறவரை ஓட்டியவன். சினிமாவைப் பற்றி எழுதுகிறவர்களெல்லாம் திரையைப் பார்த்து உட்கார்ந்தவர்கள். நான் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்றவன். அதனால் படத்தைவிடக் கட்டடம்தான் எனக்கு அதிகம் தெரியும்.

சாமிக்கண்ணு வின்சென்ட் 1883இல் கோவையில் பிறந்தவர். திருச்சியில் ரயில்வே அலுவலகத்தில் வரைபட குமாஸ்தா. சம்பளம் மாதம் இருபத்தைந்து ரூபாய் என்று சொல்கிறார்கள். 1905இல் டுபான்ட் என்கிற பிரெஞ்சுக்காரர் ஒரு புரொஜெக்டரும் சில படங்களுமாக ஊர் ஊராகப் போய்க் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்தார். வந்த இடத்தில் உடம்புக்கு முடியாமல் போக, எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஊர் திரும்ப நினைத்தார். வின்சென்ட் ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய் புரட்டி வாங்கிவிட்டார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆறு வருஷத்துக்கு மேற்பட்ட சம்பளம். வயது இருபத்திரண்டு. ரயில்வே உத்தியோகத்தை விட்டுவிட்டுப் படம் காட்டக் கிளம்பிய பிள்ளையை வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

அவரிடம் இருந்தவற்றில் பெரிய சரக்கு ஏசுநாதரின் வாழ்க்கையைச் சொல்லும் படம். திருச்சியில் தொடங்கி, 'எடிசன் சினிமாட்டோகிராப்' என்று பெயர் வைத்த கூடாரத்தோடு வடக்கே லாகூர், பெஷாவர் வரைக்கும் போனார். மின்சாரம் கிடையாது. அந்தக் காலத்து ஊர்சுற்றிப் படக்காரர்கள், வாயு ஜ்வாலையில் சுண்ணாம்புக் கட்டியைப் பழுக்கக் காய்ச்சி, அது வீசுகிற வெண்மையான வெளிச்சத்தில்தான் காட்டினார்கள். வாயுக் குழாய் ஒழுகினால் கூடாரமே போய்விடும். கையால் சுற்றவேண்டிய யந்திரம் அது. கை சோர்ந்தால் திரையில் நடப்பவனும் சோர்வான். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீலுக்கு ரீல் நிறுத்தி மாட்டவேண்டும், அந்த இடைவெளியில் வாத்தியம். இன்றைக்கு இடைவேளையில் பாப்கார்ன் விற்கிறவர்கள் இந்தப் பரம்பரையில் வந்தவர்கள்தான்.

சுற்றித் திரிந்தவர் ஊர் திரும்பி 1914இல் கட்டியதுதான் வெரைட்டி ஹால். பெயரிலேயே அவர் புத்தி தெரிகிறது. படம் மட்டும் என்று எழுதி வைத்தால் படம் ஓடாத நாளில் பூட்டவேண்டும். நாடகம், பாட்டு, வேடிக்கை எது வந்தாலும் இடம் கொடுக்கிற கொட்டகை என்றால் வாடகை வந்துகொண்டே இருக்கும். பைக்காராவிலிருந்து கோவைக்கு மின்சாரம் இறங்கியது 1930களின் தொடக்கத்தில்தான். அதற்கு ஏறக்குறைய இருபது வருஷம் முன்பே தியேட்டர் நடத்த வேண்டுமென்றால் சொந்தமாக இன்ஜினும் டைனமோவும் வைத்தாகவேண்டும். இரவில் மூன்று நான்கு மணி நேரம் மட்டும் ஓடுகிற இன்ஜின் பகலில் சும்மா நிற்பதை எந்தக் கோவைக்காரனும் பொறுக்கமாட்டான். வின்சென்டும் பொறுக்கவில்லை. அதே மின்சாரத்தில் அச்சகம் நடத்தினார். நோட்டீஸ் அடிக்கும் செலவும் மிச்சம்.

ஊரில் இரவு நேரத்தில் மின்விளக்கு எரிகிற இடம் ஒன்று இருந்தால் ஜனங்கள் அங்கே போய் நிற்பார்கள். படம் பார்க்காவிட்டாலும் வெளிச்சம் பார்ப்பார்கள். தெருவுக்கு அந்தப் பெயர் நிலைத்ததில் ஆச்சரியம் இல்லை. கொட்டகையைச் சுற்றிச் சாப்பாட்டுக் கடை, வெற்றிலைக் கடை, வண்டி நிற்கிற இடம் என்று ஒரு கடைவீதியே வளர்ந்தது. தியேட்டர் தன்னைச் சுற்றி ஒரு ஊரை உண்டாக்கிவிடும். அதே ஊர் வளர்ந்து நிலத்தின் விலையை ஏற்றி, பிற்பாடு அந்தத் தியேட்டரையே விழுங்கும். இந்தச் சரித்திரம் முழுவதும் அந்த ஒரு சங்கதிதான்.

பேசும்படம் வந்தபிறகு வின்சென்ட் தியேட்டரோடு நிற்கவில்லை. தமிழில் பேசிய முதல் படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியானது. அதே நாயகி டி.பி. ராஜலட்சுமியை வைத்து, 1933இல் கல்கத்தாக் கம்பெனியோடு சேர்ந்து 'வள்ளி திருமணம்' எடுப்பதில் வின்சென்ட் பங்கெடுத்தார். 1930களின் நடுவில் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ எழுந்தபோது அதிலும் அவர் கை இருந்தது. மில் முதலாளிகளின் பணமும் ஒரு கொட்டகைக்காரரின் அனுபவமும் சேர்ந்த காரியம் அது. எம்.ஜி.ஆர். முதன்முதலில் கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' (1947) அந்த ஸ்டூடியோவில் எடுத்ததுதான். கலைஞர் கருணாநிதி வசனம் எழுதுவதற்காகச் சிங்காநல்லூரில் வந்து தங்கியிருந்ததும் அதற்காகத்தான். வின்சென்ட் அதைப் பார்க்க இல்லை. 1942இல் காலமாகிவிட்டார். சென்ட்ரல் ஸ்டூடியோவும் இப்போது இல்லை. ஆனால் ஸ்டூடியோ போனதற்கு யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை. அதற்குள்ளே பொதுஜனம் யாரும் போனதில்லை. தியேட்டர் அப்படியல்ல.

இனி என் அறைக்கு வருகிறேன். பழைய தியேட்டர்களின் ஆபரேட்டர் அறையைப் பார்த்திருக்கிறீர்களா? கூட்டத்தோடு ஒட்டாமல் தனிப் படி, இரும்புக் கதவு, சிறு சிறு சதுரத் துவாரங்கள், ஒவ்வொரு துவாரத்துக்கும் மேலிருந்து விழுகிற தகட்டு மூடி, மூலையில் மணல் வாளி. நான் சேர்ந்தபோது இதெல்லாம் எதற்கு என்று மூத்த ஆபரேட்டரைக் கேட்டேன். "சாகாம இருக்கத்தான்டா தம்பி," என்றார். 1950களின் தொடக்கம் வரைக்கும் வந்த பிலிம் நைட்ரேட். பற்றிக்கொண்டால் தண்ணீரில் முக்கினாலும் அணையாது. பிலிமுக்குப் பக்கத்திலேயே கண் கூசும் ஆர்க் விளக்கு. ஒரு நொடி பிலிம் கேட்டில் சிக்கினாலும் போதும். 1918இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சினிமாட்டோகிராப் சட்டம் தணிக்கைக்கு மட்டும் வந்ததாக நினைக்கிறார்கள். கொட்டகைக்கு லைசென்ஸ் என்பதும், தீப்பாதுகாப்பு இல்லாத இடத்தில் படம் காட்டக்கூடாது என்பதும் அதே சட்டத்தில்தான் வந்தது. தீப்பிடித்தால் தகட்டு மூடிகள் விழுந்துவிட வேண்டும், சபையோருக்கு ஒன்றும் ஆகக்கூடாது. உள்ளே இருக்கிற ஆபரேட்டர் தன் வழியைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஓர் அறையின் சுவரிலேயே எழுதியிருக்கிற சரித்திரம் அது. இடிக்கும்போது அந்தச் சுவரும் சேர்ந்துதான் போகிறது.

கார்பன் ஆர்க் என்றால் இரண்டு குச்சிகள், செம்புப் பூச்சுப் போட்டவை. டி.சி. மின்சாரம் பாய்ச்சி, நுனியோடு நுனி ஒட்டிப் பிரித்தால் நடுவே சூரியன் பிறக்கும். பாசிட்டிவ் குச்சி வேகமாக எரியும், நெகட்டிவ் மெதுவாக. இடைவெளி கூடினால் திரை மஞ்சளடிக்கும், பிறகு அணைந்துவிடும். கறுப்புக் கண்ணாடி வழியாக அதையே பார்த்துக்கொண்டு, குமிழைத் திருகித் திருகி நிற்கவேண்டும். ஆபரேட்டர் நிறையப் படம் பார்த்திருப்பான் என்று எல்லோரும் நினைப்பார்கள். நான் பார்த்ததெல்லாம் கார்பன்தான். காதால்தான் படம் கேட்டேன். எந்த வசனம் வந்தால் அடுத்த ரீல் என்று தெரியும், கதாநாயகி என்ன புடவை கட்டியிருந்தாள் என்று தெரியாது.

ஆயிரம் அடி ரீல் பதினோரு நிமிஷம் ஓடும். இரண்டு ரீலைச் சேர்த்துச் சுற்றி ஓட்டுவோம். ரீல் முடியப்போகிற சமயம் திரையின் வலது மேல் மூலையில் சிறு பொட்டு ஒன்று மின்னும். அது அடுத்த மெஷினை ஓடவிடச் சொல்லும் குறி. சில நொடி கழித்து இன்னொரு பொட்டு. அப்போது மாற்றிவிட வேண்டும். மாற்றியது தெரியாமல் இருந்தால் அதுதான் கைத்திறன். தெரிந்தால் கீழே விசில். பிலிம் அறுந்தால் என் குடும்பத்தையே இழுத்துக் கூப்பிடுவார்கள். ஒரே பிரின்ட்டை இரண்டு தியேட்டரில் ஓட்டுகிற நாட்களும் உண்டு. முதல் ரீல் இங்கே முடிந்ததும் சைக்கிளில் கட்டிக்கொண்டு அங்கே பறக்கவேண்டும். ரயில்வே கேட் போட்டுவிட்டால் அந்தத் தியேட்டரில் எதிர்பாராத இடத்தில் இடைவேளை. அறுந்த பிலிமைச் சுரண்டி ஒட்டும்போது மிஞ்சுகிற துண்டுகளுக்காக வாசலில் பையன்கள் காத்திருப்பார்கள். பியூஸ் போன பல்பில் தண்ணீர் ஊற்றி லென்ஸ் ஆக்கி, கண்ணாடியால் வெயிலைத் திருப்பிவிட்டு, அப்பாவின் வேட்டியைத் திரையாகக் கட்டி அவர்கள் ஒரு தியேட்டர் நடத்துவார்கள். டிக்கெட் ஒரு தீப்பெட்டிப் படம்.

கீழே உட்கார்ந்திருந்த ஊரைப் பற்றியும் சொல்லவேண்டும். தரை, பெஞ்சு, சேர், பால்கனி என்று காசுக்குத் தகுந்த இடம். கோவிலிலும் கிணற்றடியிலும் பிரித்து வைத்திருந்த ஆட்களைக் கொட்டகை காசை மட்டும் கேட்டு உள்ளே விட்டது. தரை டிக்கெட் எடுத்தால் தரை, அவ்வளவுதான். எல்லாத் தியேட்டரும் எல்லாக் காலத்திலும் அப்படி யோக்கியமாக இருந்தது என்று சத்தியம் பண்ணமாட்டேன். ஆனால் பணம் கொடுத்தவன் எந்தச் சாதி என்று கேட்க டிக்கெட் கவுண்டரின் துவாரத்தில் இடம் இல்லை, கைதான் நுழையும். பெண்களுக்குத் தனி வரிசை, தனி இடம். வீட்டை விட்டு ஒரு காரணமும் சொல்லாமல் பெண்கள் கூட்டமாகக் கிளம்பக்கூடிய இடம் கோவிலுக்கு அடுத்து இதுதான். மில்லில் ஷிப்ட் முடிந்து பஞ்சுத் தூசியோடு இரண்டாம் ஆட்டத்துக்கு வருவார்கள். படம் போடுமுன் உள்ளூர் ஜவுளிக்கடை, வைத்தியசாலை, தட்டெழுத்துப் பயிற்சிக்கூடம் என்று கண்ணாடி ஸ்லைடுகள். பிறகு பிலிம்ஸ் டிவிஷன் செய்திப்படம்: எங்கேயோ அணை, எங்கேயோ வெள்ளம். நேருவின் முகத்தை எங்கள் ஊர் பார்த்தது அதில்தான்.

ராயல், ரெயின்போ, கர்னாடிக், ஸ்ரீனிவாசா, ராஜா, நாஸ், சென்ட்ரல், கீதாலயா. கோவையில் பெரியவர் யாரையும் பிடித்து இந்தப் பெயர்களைச் சொல்லச் சொல்லுங்கள், எந்தத் தியேட்டரில் எந்தப் படம் என்று சேர்த்தே சொல்வார். பெரும்பாலானவை இன்று வேறு ஏதோவாக இருக்கின்றன. கோவை மட்டும் இல்லை. மதுரையில் 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'யோடு திறந்த தங்கம் தியேட்டரில் இருக்கைகள் 2,563. ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர்கள் மார்தட்டினார்கள். இன்று அந்த இடத்தில் துணிக்கடை. 1937இல் வந்த 'சிந்தாமணி' படத்தின் வசூலில் கட்டிய தியேட்டருக்குச் சிந்தாமணி என்றே பெயர் வைத்தார்கள், அதே மதுரையில். அதுவும் இல்லை. 'காளிதாஸ்' வந்த கினிமா சென்ட்ரல், முருகன் டாக்கீஸ் ஆகி, அதுவும் போயிற்று. கெயிட்டியும் போயிற்று.

ஏன் என்று கேட்டால் சட்டென்று வருகிற பதில் டி.வி., வீடியோ, திருட்டு சி.டி., மல்டிபிளெக்ஸ், செல்போன். எல்லாம் உண்மைதான், ஒவ்வொன்றும் ஒரு அடி கொடுத்தது. கேளிக்கை வரி 1939ஆம் வருஷச் சட்டத்திலிருந்தே கூடவே வருகிறது. 2017இல் ஜி.எஸ்.டி.யோடு உள்ளாட்சி வரியும் சேர்ந்ததும் தமிழ்நாடு முழுக்கத் தியேட்டர்கள் சில நாள் மூடிப் போராடின. அதற்கு முன்பே பிலிம் போய் டிஜிட்டல் வந்துவிட்டது. எங்கள் மெஷின்களைப் பழைய இரும்புக்கு எடை போட்டார்கள். புதுப் புரொஜெக்டர் வாங்க ஒற்றைத்திரைக்காரரிடம் முதல் இல்லை, கம்பெனிக்காரர்கள் வைத்துக்கொடுத்துக் கட்டணம் வாங்கினார்கள். அந்தக் கட்டணம் யார் தலையில் என்ற தகராறில் 2018 மார்ச்சிலிருந்து பல வாரம் புதுப்படமே வரவில்லை. பிறகு கொரோனா: 2020 மார்ச்சில் பூட்டியது நவம்பர் 10ஆம் தேதி வரை திறக்கவில்லை.

ஆனால் கூட்டம் குறைந்ததால்தான் தியேட்டர் போகிறது என்பதை நான் முழுசாக ஏற்கமாட்டேன். மவுண்ட் ரோட்டில் சாந்தி தியேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1961இல் திறந்தது, சிவாஜி குடும்பத்தின் சொத்து. 2005இல் வந்த 'சந்திரமுகி' அங்கே எண்ணூறு நாளுக்கு மேல் ஓடியது. அந்தப் படம் வந்து பத்து வருஷம் சொச்சம்தான், 2016இல் மூடிவிட்டார்கள். ரசிகர் இல்லையா? சிவாஜி ரசிகர்களைவிட விசுவாசமான ரசிகர் கூட்டம் ஒரு கட்டடத்துக்குக் கிடைக்குமா? மூடும் செய்தி வந்ததும் வாசலில் வந்து நின்று அழுதவர்கள் உண்டு. அழுகைக்கு நிலத்தின் விலையைக் குறைக்கத் தெரியாது. மவுண்ட் ரோட்டில் அத்தனை சதுர அடியை நாளுக்கு நான்கு காட்சிக்கு விட்டுவைப்பது எந்தக் கணக்கிலும் கட்டாது.

நான் வேலை பார்த்த தியேட்டரிலும் அதே கதைதான். ஊரையும் பெயரையும் சொல்லவில்லை, அந்தக் குடும்பத்தார் நல்லவர்கள், எனக்குக் கடைசிச் சம்பளம் வரை கொடுத்தவர்கள். பெரியவர் இருக்கிறவரை தியேட்டர் ஓடியது. நஷ்டம் வந்த வருஷத்தில் தோட்டத்து வருமானத்தைப் போட்டு ஓட்டினார். அவர் காலமானபின் வாரிசுகள் ஐந்து பேர். ஒரு தியேட்டரை ஐந்தாகப் பிரிக்க முடியாது, மனையை ஐந்தாகப் பிரிக்கலாம். சேதி தெரிந்ததும் ஊரில் 'தியேட்டரைக் காப்போம்' என்று ஒரு கூட்டம் போட்டார்கள். வாத்தியார்கள் பேசினார்கள், ரசிகர் மன்றத்தார் பேசினார்கள், என்னையும் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். பழைய ஞாபகங்களை ஒவ்வொருவராகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் இருந்து தறிக்காரர் ஒருவர் எழுந்து, "ஏனுங், பட்டா யார் பேருல இருக்குதுங்?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அன்றைக்குப் பேசியதில் விஷயமான பேச்சு அது ஒன்றுதான்.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு, நிற்கிற கட்டடங்களைப் பாருங்கள். எலக்ட்ரிக் தியேட்டரை 1913இல் கட்டியவர் வார்விக் மேஜர். இரண்டே வருஷம்தான் படம் ஓடியது. வின்சென்டின் கொட்டகை நூறு வருஷம் தாண்டியது, இது இரண்டு வருஷத்தில் தோற்றுப்போன தியேட்டர். ஆனால் இன்றைக்கு நிற்பது இதுதான். 1915இல் தபால் இலாகா வாங்கிக்கொண்டது. அண்ணா சாலைத் தபால் நிலைய வளாகத்துக்குள் தபால்தலை சேகரிப்பாளர்களுக்கான இடமாக இன்னும் இருக்கிறது. அதைக் காப்பாற்றியது சினிமாப் பற்று இல்லை. பாகம் பிரிக்க வாரிசு இல்லாத ஓர் இலாகாவின் பெயரில் சொத்து இருந்ததுதான்.

ஆனால் அது கட்டடத்தைக் காத்தது, தியேட்டரைக் காக்கவில்லை. இரண்டையும் காத்த இடம் ஒன்று எங்களுக்குப் பக்கத்திலேயே மலைமேல் இருக்கிறது. ஊட்டியில் கார்டன் ரோட்டில் அசெம்பிளி ரூம்ஸ். 1886இல் துரைமார்களின் ஆட்டத்துக்கும் நாடகத்துக்கும் எழுந்தது. 1920களில், மதராஸ் கவர்னராக வில்லிங்டன் பிரபு இருந்த காலத்தில், அவர் மனைவியின் முயற்சியில் பொது அறக்கட்டளையின் கைக்கு வந்தது. தனி முதலாளி கிடையாது. அங்கே சினிமா தொடர்ந்தது. ஊட்டியில் நிலத்துக்கு விலை இல்லையென்று யாராவது சொல்ல முடியுமா? ஓட்டல் கட்ட ஆள் வரிசையில் நிற்கிற இடம். ஆனாலும் விற்கமுடியாது, ஏனென்றால் விற்கிறவர் என்று ஒருவர் இல்லை. வெள்ளைக்காரச் சீமாட்டியை நான் புகழவேண்டிய அவசியம் இல்லை. அவர் உள்ளூர் ஜனங்களை நினைத்துச் செய்திருக்கமாட்டார். ஆனால் பத்திரம் சரியாக எழுதப்பட்டுவிட்டது.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கேரளத்தில் 1975இல் அரசு தொடங்கிய திரைப்பட வளர்ச்சிக் கழகம் தியேட்டர்களையும் நடத்துகிறது. திருவனந்தபுரத்தில் கைரளி, ஸ்ரீ, நிளா என்று ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே. பெரிய நடிகர் இல்லாத சின்னப் படத்துக்கும் அங்கே இடம் கிடைக்கிறது. இங்கே ஐந்து முதலமைச்சர்கள் சினிமாவிலிருந்து வந்தார்கள். அண்ணா, கலைஞர், எம்.ஜி.ஆர்., ஜானகி அம்மாள், ஜெயலலிதா: எல்லோரும் ஏதோ ஒரு கொட்டகையின் திரை வழியாகத்தான் ஜனங்களிடம் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் நான்கு பேருக்கு நினைவிடம் கட்டிய நமக்கு, ஒரே ஒரு பழைய கொட்டகையை வாங்கிப் பொதுவில் வைக்கத் தோன்றவில்லை. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

சட்டம் இருக்கிறது என்பார்கள். மத்திய அரசின் 1958ஆம் வருஷச் சட்டப்படி நூறு ஆண்டு பழமை இருந்தால் பாதுகாக்கத்தக்கது. வெரைட்டி ஹாலுக்கு 2014இல் அந்தத் தகுதி வந்துவிட்டது. தகுதி வந்தது, பாதுகாப்பு வரவில்லை. யாராவது அறிவிக்கவேண்டும், அறிவித்தால் சொந்தக்காரருக்கு நஷ்டஈடு யார் தருவது என்ற கேள்வி வரும். தமிழக அரசு 2012இல் மரபுச் சின்ன ஆணையத்துக்கு ஒரு சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கு வரப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கோவில், கோட்டை, கோர்ட்டு என்றால் மரபு. மூத்திர நாற்றம் அடிக்கிற, மூட்டைப்பூச்சி கடிக்கிற கொட்டகையை மரபு என்று கோப்பில் எழுத அதிகாரிகளுக்குக் கூச்சமாக இருக்கிறது. டிலைட்டில் நான் கடைசியாக ஒரு பழைய எம்.ஜி.ஆர். படம் பார்த்தேன். மின்விசிறிச் சத்தம் வசனத்தை முழுங்கியது. பத்துப் பதினைந்து பேர் இருந்திருப்போம், பாதிப் பேர் வெயிலுக்கு ஒதுங்கியவர்கள். அழகான கட்டடம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் தென்னாட்டில் சினிமா கூடாரத்தை விட்டு இறங்கிச் சுவர் எழுப்பிக்கொண்ட தொடக்க இடங்களில் அது ஒன்று. அந்த ஒரு காரணம் போதாதா?

பழைய தியேட்டரை அப்படியே உறையவைத்துக் காட்சிப்பொருள் ஆக்கு என்று நான் சொல்லவில்லை. வின்சென்ட் செய்ததையே செய்யலாம். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு, மாலையில் படம், வாரத்தில் ஒருநாள் நாடகம், கல்யாண முகூர்த்தம் இல்லாத மாதத்தில் இசைக்கச்சேரி. பெரிய படத்தின் முதல் வாரத்தை மல்டிபிளெக்ஸ் எடுத்துக்கொள்ளட்டும், நமக்கு மூன்றாவது வாரமும் பழைய படமும் போதும். 2025 செப்டம்பர் 22 முதல் நூறு ரூபாய் வரைக்குமான டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. ஐந்து சதவீதம்தான். குறைந்த விலைத் தியேட்டருக்கு இது கொஞ்சம் மூச்சுவிடக் கிடைத்த இடம். நகராட்சியிடம் கல்யாண மண்டபமும் வணிக வளாகமும் இருக்கும்போது ஒரு தியேட்டர் இருந்தால் என்ன குறைந்துவிடும்? ஊர்ப் பெரிய மனிதர்கள் சேர்ந்து பள்ளிக்கூடத்துக்கு அறக்கட்டளை வைத்த ஊர் எங்கள் ஊர். மில் முதலாளிகள் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் வைத்த ஊர். அதே வகைப் பத்திரம் ஒன்றைத் தியேட்டருக்கும் எழுதலாம்.

உங்கள் ஊரில் இன்னும் ஒரு ஒற்றைத்திரைத் தியேட்டர் ஓடிக்கொண்டிருந்தால், ஞாபகங்களைச் சொல்லும் கூட்டம் போட அவசரப்படாதீர்கள். அதற்குப் பின்னால் நேரம் நிறைய இருக்கும். முதலில் போய்ச் சொந்தக்காரரைப் பாருங்கள். அவருக்கு வயது என்ன, வாரிசு எத்தனை பேர், நிலம் யார் பெயரில் இருக்கிறது, அடமானம் உண்டா என்று கேளுங்கள். அறக்கட்டளைக்கோ நகராட்சிக்கோ என்ன விலைக்கு, எத்தனை தவணையில் கொடுப்பார் என்று அவர் உயிரோடு இருக்கும்போதே பேசுங்கள். நல்ல வக்கீல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவான பிறகு போனால், உங்களோடு பேச அங்கே ஐந்து பேர் இருப்பார்கள், அவர்களோடு ஒரு பில்டரும் இருப்பார்.